கொலுத் தெப்பக்குளமும் பாதி ஆக்ஸா பிளேடும்: 3 ஆண்டு அனுபவம்

நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊரை அமைப்பது எங்கள் வீட்டு வழக்கம். முன்பெல்லாம் தெர்மாகோல்தான். எத்தனை முறை வண்ணம் பூசினாலும் தெர்மாகோல் குளக்கரை தெர்மாகோலாகவே தெரியும். அந்த எரிச்சலில்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு மாறினேன். கையோடு, வைர வட்டுகள் பொருத்தும் சிறிய சுழல் இயந்திரம் ஒன்றையும் வாங்கினேன்.

முதல் ஆண்டு அதைக்கொண்டு காய்ந்த பிளாஸ்டர் பலகைகளை அறுத்தேன். மின்விசிறி இறக்கை வரை வெள்ளைப் பொடி. படிக்கட்டு விளிம்புகளோ எலி கொறித்தவை போல இருந்தன. எட்டாம் மாதம் சுவிட்ச் போய்விட்டது. உள்ளே பொடி அடைத்திருந்தது. தூசியால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று கைவிரித்துவிட்டார்கள். காசு கொடுத்துச் சரிசெய்தேன்.

பிளாஸ்டரை ஈரத்தோடு அறுக்க வேண்டும் என்பது அதன்பிறகுதான் புரிந்தது. ஜிப்சத்தைச் சுட்டு, அதிலுள்ள நீரில் பெரும்பகுதியைப் போக்கிய பொடிதான் பிளாஸ்டர். தண்ணீர் சேர்த்ததும் மறுபடி ஜிப்சமாக இறுகும், அப்போது சூடேறும். பலகையைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு ஏறி, தணிந்து, கை வைத்தால் ஜில்லென்று இருக்கும் நேரம்தான் பதம். ஆக்ஸா பிளேடைப் பாதியாக உடைத்து, ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு இழுத்தால் பொடி பறப்பதில்லை. தேங்காய்த் துருவல் போல ஈரமாக உதிர்கிறது. அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடு நல்லது. 32 பல் என்றால் உடனே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். காய்ந்துவிட்ட பலகையானால் தண்ணீரில் போடுங்கள். குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். அவை நின்றதும் எடுத்து அறுக்கலாம்.

குளத்துப் படிகளை ஒரே கட்டியில் செதுக்க நினைத்தது என் அறிவீனம். இப்போது 6 மில்லிமீட்டர் பலகைகளை அறுத்து, ஒவ்வொன்றையும் சற்று உள்ளே தள்ளி அடுக்குகிறேன். விளிம்பை நனைத்த உப்புத்தாளால் இரண்டே இழுப்பு. அதற்கு மேல் தேய்த்தால் கல் படி சோப்புக்கட்டி ஆகிவிடும்.

அப்படியானால் இயந்திரம் வீணா? இல்லை, கூரை ஓட்டுக்கு அது வேண்டும். உடைந்த சீமை ஓட்டிலிருந்து குட்டிச் செங்கற்கள் எடுக்க ஆக்ஸா பிளேடு உதவாது, பல்தான் மழுங்கும். ஓட்டை இரவே ஊறவைத்து, வெளியே எடுத்துத் துடைத்து, வைர வட்டால் மேலாகக் கோடு போட்டு, ஆணியின் மேல் வைத்து அழுத்தி உடைக்கிறேன். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் தண்ணீர் வைப்பதில்லை. ஓட்டுத் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கேடு. ஆகவே மொட்டை மாடியில், என்95 முகக்கவசத்தோடுதான் வேலை. கைக்குட்டை கட்டிக்கொள்வது கண்துடைப்பு.

ஓட்டு வேலை இல்லாதவர்கள் இயந்திரத்துக்குச் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஒரு பழைய வாளி கட்டாயம் வேண்டும். பிளாஸ்டர் கலந்த கிண்ணத்தை ஒருமுறை சமையலறைத் தொட்டியில் கழுவினேன். குழாய்க்குள்ளேயே இறுகி, வளைவுக் குழாயைக் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது எல்லாவற்றையும் வாளியில் கழுவி, மறுநாள் தெளிந்த நீரைச் செடிக்கும் கொடுக்காமல் மண்தரையில் ஊற்றிவிட்டு, அடியில் படிந்த கட்டியைக் குப்பையில் போடுகிறேன். சமையலறைப் பக்கம் அந்த வாளி வரக் கூடாது என்பது வீட்டில் போட்ட உத்தரவு.