8 கேஜ் கம்பி: அறுபதைத் தாண்டிய விரலுக்கு எர்னி பால் எக்ஸ்ட்ரா ஸ்லிங்கி

2007-இல் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டல் குழு அயர்ன் மெய்டன் வாசித்தபோதே நாற்பதைக் கடந்திருந்த கிதார்காரர்கள், அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் இன்னும் ஜாம் ரூம் வாடகைக்கு எடுக்கிறார்கள். சொந்தப் பாட்டை ரெக்கார்டு செய்யும் ஆசை அப்படியே இருக்கிறது. மூட்டுதான் ஒத்துழைப்பதில்லை. மூன்றாம் கம்பியில் நாலு பெண்ட் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்ருதி ஏற்றுவது) இழுத்தால் மோதிர விரல் மறுநாள்வரை வலிக்கிறது. அவர்களுக்கு எர்னி பாலின் எக்ஸ்ட்ரா ஸ்லிங்கி, அதாவது 8, 11, 14, 22, 30, 38 கேஜ் (இன்ச்சின் ஆயிரத்தில் இத்தனை பங்கு தடிமன்) செட் சரிவருமா? வரும். ஆனால் கம்பியை மட்டும் மாற்றினால் வராது.

25.5 இன்ச் ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) உள்ள ஸ்ட்ராட் கிதாரில், ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில், 10 கேஜ் முதல் கம்பி சுமார் 7.3 கிலோ இழுவையில் நிற்கும். 9 என்றால் 5.9, 8 என்றால் 4.7. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாரம் இறங்குகிறது. எல்லாக் கம்பியையும் ஒரே விரலால் அழுத்தி பார் கார்டு பிடிக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நிம்மதி.

மெல்லிய கம்பி என்றால் சத்தமும் மெலியும் என்று முகம் சுளிப்பவர்கள் பிளாக் சபாத் குழுவின் கிதார்காரர் டோனி அயோமியைப் பார்க்கலாம். 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர்; மெல்லிய கம்பி போட்டு, ட்யூனிங்கையும் இறக்கித்தான் பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த ஒலியைக் கொண்டுவந்தார். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் அந்தக் குழுவின் கடைசிக் கச்சேரியை வாசிக்கும்போது அவருக்கு 77. ZZ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் போடுவதோ 7 கேஜ்.

மெல்லிய கம்பிக்கு மாறியதும் முதலில் கெடுவது நெக், அதாவது கிதாரின் கழுத்து. இழுவை குறைந்ததும் அது நிமிர்ந்து, முதல் ஐந்து ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கம்பி உரசி இரைச்சல் வரும். ட்யூன் செய்துவிட்டு முதல் ஃப்ரெட்டில் கேபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்துங்கள். ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.25 மிமீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, மறுநாள் திரும்பப் பாருங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருப்பாதீர்கள்.

கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் துண்டுதான் நட்; 10-க்கு வெட்டிய அதன் பள்ளத்தில் 8 பக்கவாட்டில் ஆடும். ஓபன் கம்பியில் மட்டும் இரைச்சல் என்றால் குற்றவாளி நட்தான். புதிது போட வேண்டும். கிதார் ரிப்பேர்காரரிடம் செட்டப்புக்குக் கொடுக்கும்போது கம்பி பாக்கெட்டையும் சேர்த்தே கொடுங்கள். ட்ரெமலோ பிரிட்ஜ் (ஸ்பிரிங்கில் ஆடும் கம்பித் தாங்கி) பின்னால் சாய்ந்துவிட்டால் ஸ்பிரிங் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் அரை அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி ட்யூன் செய்யுங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்ருதி சரியாக நிற்க வைக்கும் இன்டொனேஷன் எல்லாவற்றுக்கும் கடைசி.

இதெல்லாம் ஒருமுறை செய்தால் முடிகிற வேலை. பெரிய தொல்லை நாற்பது வருடக் கைப்பழக்கம். 10-ஐ அழுத்திய அதே வேகத்தில் 8-ஐ அழுத்தினால் ஸ்ருதி ஏறும்; டிஸ்டார்ஷன் போட்டால் அது இன்னும் அப்பட்டமாகக் கேட்கும். ட்யூனரை ஆன் செய்தபடியே பவர் கார்டு பிடித்துப் பழகுவதுதான் மருந்து. மீட்டும் 1 மிமீ பிக்கை 0.73-க்கு இறக்குங்கள், சத்தம் குறைந்தால் கம்பிக்கு அடியில் உள்ள பிக்கப்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

லெஸ் பால் வைத்திருப்பவர்களுக்கு இந்த செட்டைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அதன் ஸ்கேல் 24.75 இன்ச்தான். 9–42 போட்டு அரை ஸ்வரம் இறக்கினாலே முதல் கம்பி 5 கிலோவுக்கு வந்துவிடும். ஆறாம் கம்பியின் தடிமனும் மிஞ்சும். பழைய உச்ச ஸ்வரம் எட்டாத பாடகர் நன்றி சொல்வார். கீபோர்டுகாரர் மட்டும் டிரான்ஸ்போஸ் ஒன்று குறைக்க வேண்டும்.

விரல் மரத்துப்போனாலோ மூட்டு வீங்கினாலோ கம்பிக் கடைக்கு அல்ல, டாக்டரிடம் போக வேண்டும்.

போலி பாக்கெட்டுகள் நடமாடுவதால், வழக்கத்தைவிட மிக மலிவாக ஆன்லைனில் கிடைத்தால் ஒதுக்கிவிடுங்கள். 8 கேஜ் அறுவது பெரும்பாலும் பிரிட்ஜில் கம்பி உட்காரும் ஸாடில் முனையில்தான். அங்கே பிசிர் இருந்தால் 600 கிரிட் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கம்பி போடுங்கள். மேடைக்குப் போகும்போது கேஸில் இரண்டு தனி 8 கம்பி உபரியாக இருக்கட்டும்.