டபிள்யூபிஏ2-வா, டபிள்யூபிஏ3-யா, இல்ல ரெண்டும் கலந்த மோடா?

வைஃபை ரவுட்டர் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பக்கம் போனா, நெட்வொர்க்குக்கு பூட்டு போடுற முறைகளா டபிள்யூஈபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, அப்புறம் 2-ம் 3-ம் கலந்தது ஒண்ணுன்னு வரிசையா நிக்கும். முதல் ரெண்டையும் தொடவே வேணாம், டபிள்யூஈபி-ய உடைக்கிற வழி 2001-லயே வெளிய வந்தாச்சு. போட்டி மீதி மூணுக்கும்தான்.

டபிள்யூபிஏ2 2004-ல வந்தது, எந்த டிவைஸா இருந்தாலும் அனேகமா கனெக்ட் ஆயிடும், டேட்டாவ யாரும் படிக்க முடியாதபடி மாத்துற ஏஇஎஸ் என்க்ரிப்ஷனும் இன்னிக்கும் கெட்டியாதான் இருக்கு. சிக்கல் பாஸ்வேர்ட்லதான். உங்க போன் நெட்வொர்க்ல சேரும்போது பாஸ்வேர்ட சரிபாக்க ரவுட்டரோட நடக்கிற பேச்சுவார்த்தைய, அதாவது ஹேண்ட்ஷேக்க, ரேஞ்சுக்குள்ள இருக்கிற யார் வேணா பிடிச்சு வச்சுக்கலாம், அப்புறம் எங்கயோ உக்காந்து நிதானமா கோடிக்கணக்குல பாஸ்வேர்ட் போட்டு போட்டு பாக்கலாம், இது நடக்கிறது உங்க ரவுட்டருக்கு தெரியவே தெரியாது. பேரு கூட பிறந்த வருஷம் சேத்த பாஸ்வேர்ட்லாம் இதுக்கு தாங்காது.

2018-ல வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையத்தான் அடைச்சுது. பாஸ்வேர்ட சரிபாக்க எஸ்ஏஇ-ன்னு வேற முறை, ஒவ்வொரு யூகத்துக்கும் ரவுட்டர்கிட்டயே வந்து கேட்டாகணும். அதோட, ஒருத்தன் இன்னிக்கு டிராஃபிக்க பதிவு பண்ணி வச்சு நாளைக்கு பாஸ்வேர்ட கண்டுபிடிச்சாலும் பழசப் படிக்க முடியாது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். 2019-ல டிராகன்பிளட்-னு சில பலவீனங்கள் இதுலயும் வெளிய வந்துச்சு, அதுக்கு அப்டேட் வந்துடுச்சு, அதனால ஃபர்ம்வேர, அதாவது ரவுட்டருக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர, அப்டேட் பண்ணாம விட்டுடாதீங்க. குறைன்னா, பழைய பிரிண்டர், ஸ்மார்ட் பிளக் மாதிரி நிறைய சாமான் இதுல சேராது.

சரி கலந்த மோட போட்டா ரெண்டு பலனும் கிடைக்கும்னு தோணும், ஆனா அங்க ரெண்டுக்கும் பாஸ்வேர்ட் ஒண்ணுதான், உங்க நெட்வொர்க் பேர்லயே டபிள்யூபிஏ2 மட்டும் பேசுற போலி ரவுட்டர் ஒண்ண வச்சு உங்க போன ஏமாத்தி பழைய ஹேண்ட்ஷேக்க வாங்கிட முடியும், அப்புறம் அதே யூகிக்கிற வேலைதான். சுருக்கமான பாஸ்வேர்ட் வச்சிருந்தா இந்த மோட நம்பாதீங்க.

என் ஓட்டு, மெயின் நெட்வொர்க் டபிள்யூபிஏ3 மட்டும், பழைய சாமானுக்கு அதே ரவுட்டர்ல விருந்தாளிகளுக்குன்னு தனியா இருக்கிற கெஸ்ட் நெட்வொர்க்ல டபிள்யூபிஏ2, பாஸ்வேர்ட் கண்டிப்பா வேற. கெஸ்ட்ல இருக்கிறது பொதுவா மெயின்ல இருக்கிற லேப்டாப்ப பாக்க முடியாது, அதனால ஸ்மார்ட் பிளக்க யாராவது ஹேக் பண்ணாலும் சேதம் அங்கயே நிக்கும், ஆனா அதே காரணத்தால கெஸ்ட்ல இருக்கிற பிரிண்டருக்கு லேப்டாப்ல இருந்து பிரிண்ட் போகாது. அது ஒத்துவரலன்னா கலந்த மோடே போடுங்க, பாஸ்வேர்ட மட்டும் சம்பந்தமில்லாத அஞ்சாறு வார்த்தையா நீளமா வைங்க, 63 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு. ரவுட்டர்ல டபிள்யூபிஏ3-யே இல்லையா, அப்டேட் வந்துட்டு இருக்கிற வரைக்கும் அதுக்காக புதுசு வாங்க வேணாம், டபிள்யூபிஏ2-ல டிகேஐபி-ங்கிற பழைய என்க்ரிப்ஷன விட்டுட்டு ஏஇஎஸ் எடுத்து இதே மாதிரி நீளமா ஒண்ணு வச்சா போதும்.

எத எடுத்தாலும், பாஸ்வேர்டுக்குப் பதிலா ஒரு நம்பர் போட்டு டிவைஸ சேக்கிற டபிள்யூபிஎஸ் பின்-ன ஆஃப் பண்ணிடுங்க. 8 இலக்கம்னு பேரு, ஆனா ரவுட்டர் அத ரெண்டு பாதியா தனித்தனியா சரிபாக்குது, கடைசி இலக்கம் முன்னாடி இருக்கிற இலக்கங்கள வச்சு கணக்குல வர்றது, ஆக மொத்தம் 11,000 முயற்சிக்குள்ள சிக்கிடும், அது சிக்கினா உங்க நீள பாஸ்வேர்ட ரவுட்டரே எடுத்துக் குடுத்துடும்.