சொந்தக் கணினியில் க்ரோமாக்ஸ்: நிறுவியதும் நீண்ட நாள் பயன்படுத்தியதும்

புரதமும் நீரும் கொழுப்புப் படலமும் அணு அளவில் எப்படி அசைகின்றன என்பதைக் கணித்துக் காட்டும் க்ரோமாக்ஸ் மென்பொருளை என் சொந்தக் கணினியில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த இது, இன்று பெரும்பாலும் சுவீடனிலுள்ள ஆய்வாளர்களின் பொறுப்பில் வளர்கிறது. எல்ஜிபிஎல் 2.1 என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கிடைப்பதால் எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். மூலநிரலைத் திருத்தவும் செய்யலாம். இது மீக்கணினிகளுக்கே உரியது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில், லைசோசைம் போன்ற சிறு புரதம் ஒன்றை நீர்ப்பெட்டிக்குள் வைத்து ஆராய்வதற்கு, பல உள்ளகங்கள் கொண்ட செயலியும் நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள மேசைக்கணினியே போதும். ஆனால் அந்தக் கணினியின் முழுத் திறனும் கிடைப்பது, நிறுவும்போது நாம் எடுத்துக்கொள்ளும் அக்கறையைப் பொறுத்தது.

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் ஒரே கட்டளையில் க்ரோமாக்ஸை நிறுவிவிடலாம். பாடம் படிப்பதற்கும் சிறு சோதனைகளுக்கும் அதுவே போதுமானது. முதன்முறை நிறுவுகிறவர்கள் அதிலிருந்து தொடங்குவதே நல்லது. எனினும் அப்படி ஆயத்தமாகக் கிடைக்கும் பொதி பழைய கணினிகளிலும் இயங்க வேண்டும் என்பதற்காக, புதிய செயலிகளின் வேகமான கட்டளைத் தொகுதிகளைப் பயன்படுத்தாமல் தொகுக்கப்பட்டிருக்கும், அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலாக மாற்றப்பட்டிருக்கும். ஒரு கணிப்பை ஓடவிட்டு, அந்த ஓட்டத்தின் பதிவுக் கோப்பைத் திறந்தால் இதை நேரடியாகப் பார்க்கலாம்: செயலி ஏவிஎக்ஸ்2 என்னும் புதிய கட்டளைத் தொகுதி வரை தாங்கும் என்று ஒரு வரி சொல்லும், தொகுக்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்டது அதைவிடப் பழையது என்று அடுத்த வரி சொல்லும், வேறு வன்பொருளுக்காகத் தொகுக்கப்பட்டிருப்பதால் வேகம் பாதிக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் உடன் வரும். கோப்பின் இறுதியில், ஒரு நாளைக்கு எத்தனை நானோநொடி கணிக்க முடியும் என்ற எண் இருக்கும். பொதியாக நிறுவியதற்கும் மூலநிரலிலிருந்து தொகுத்ததற்கும் இடையே அந்த எண்ணில் தெரிந்த வேறுபாட்டைப் பார்த்த பிறகு, நீண்ட ஓட்டங்களுக்கு நான் பொதியைப் பயன்படுத்துவதில்லை.

மூலநிரலிலிருந்து தொகுப்பது அச்சப்படும் அளவுக்குக் கடினமானதல்ல. தொகுப்பை ஒழுங்கமைக்கும் சிமேக் கருவி, மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் சி++ கம்பைலர் இரண்டும் வேண்டும். கணக்கீட்டுக்குத் தேவையான ஃபூரியே மாற்றம் என்னும் கணித முறைக்கான எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தைத் தனியே தேடி நிறுவ வேண்டியதில்லை. சிமேக்குக்கு ஒரு விருப்பத்தைக் கொடுத்தால் க்ரோமாக்ஸே அதை இறக்கித் தக்கபடி தொகுத்துக்கொள்ளும். எந்தக் கணினியில் தொகுக்கிறோமோ அதன் செயலியைத்தான் சிமேக் ஆராய்ந்து கட்டளைத் தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதால், புதிய கணினியில் தொகுத்ததைப் பழைய மடிக்கணினிக்கு நகலெடுத்தால் அங்கு ஓடாமல் நின்றுவிடக்கூடும். எல்லா உள்ளகங்களையும் ஒரே நேரத்தில் தொகுப்பில் ஈடுபடுத்தினால் நினைவகம் தீர்ந்து கம்பைலர் பாதியில் நிற்கும் வாய்ப்பும் உண்டு. நினைவகம் குறைவான கணினியில் உள்ளகங்களைக் குறைத்துக் கொடுப்பதே விரைவான வழி. தொகுத்து முடித்ததும் ‘மேக் செக்’ கட்டளையைக் கொடுத்து உள்ளமைந்த சோதனைகளை ஓடவிட வேண்டும். பலர் தவிர்த்துவிடும் படி இது. கணக்கீடு தவறாக நடந்தாலும் எண்கள் வந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், இந்த மென்பொருளில் இதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

கிராஃபிக்ஸ் கார்டுதான் நிறுவலின் கடினமான பகுதி. என்விடியா கார்டில் கணக்கிட, அந்நிறுவனத்தின் கூடா கருவித்தொகுப்பு வேண்டும். அதன் ஒவ்வொரு பதிப்பும் லினக்ஸில் வழக்கமான ஜிசிசி கம்பைலரின் குறிப்பிட்ட பதிப்புகள் வரைதான் ஏற்கும். ஆகவே இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் ஜிசிசி முன்னேறிவிட, நேற்றுவரை தொகுக்க முடிந்தது இன்று முடியாமல் போகும். பழைய ஜிசிசியையும் அருகிலேயே வைத்திருந்து, சிமேக்கிடம் அதைக் குறிப்பிட்டுக் கொடுப்பதே தீர்வு. இதைவிட நுட்பமான சிக்கல் கார்டின் இயக்கி மென்பொருளில் வரும். இயங்குதளத்தின் கருவான கர்னலைப் புதுப்பித்த பின் கார்டு கண்டறியப்படாமல் போனால், க்ரோமாக்ஸ் ஒரு குறிப்பை மட்டும் எழுதிவிட்டுச் செயலியிலேயே மெதுவாக ஓடத் தொடங்கிவிடும். இரவெல்லாம் ஓடிய பிறகுதான் அது தெரியவரும். அருகருகே உள்ள அணுக்களுக்கிடையிலான குறுந்தொலைவு விசைகளைக் கார்டில்தான் கணிக்க வேண்டும் என்று கட்டளையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், கார்டு இல்லாதபோது ஓட்டம் பிழையுடன் உடனே நின்றுவிடும். நான் எப்போதும் அப்படியே தொடங்குகிறேன். எண்களை இருமடங்கு துல்லியத்தில் கையாளும் இரட்டைத் துல்லியப் பதிப்பு கார்டில் ஓடாது. மூலக்கூறின் இயல்பான அதிர்வுகளைக் கணிக்கும் ஆய்வு போன்ற சில வேலைகளுக்கே அது தேவைப்படும்.

விண்டோஸ் கணினியில் அதன் லினக்ஸ் துணையமைப்புக்குள் இதை நிறுவலாம், நன்றாகவே ஓடுகிறது. கோப்புகளை விண்டோஸ் பகுதியில் வைக்காமல் லினக்ஸ் பகுதிக்குள்ளேயே வைத்தால் தாமதம் இராது.

ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் வலியுறுத்துவது பதிப்புகளைப் பற்றியது. 2016 முதல் பதிப்புகள் ஆண்டின் பெயரால் வெளிவருகின்றன. புதிய பதிப்பு பழைய ஓட்ட உள்ளீட்டுக் கோப்பைப் படிக்கும்; பழைய பதிப்பு புதியதைப் படிக்காமல் பிழை காட்டி நின்றுவிடும். எனவே ஒவ்வொரு பதிப்பையும் என் முகப்புக் கோப்புறையில் தனித்தனி இடத்தில் நிறுவியிருக்கிறேன்; இதற்கு நிர்வாகி அனுமதியும் தேவைப்படுவதில்லை. எந்தப் பதிப்பு வேண்டுமோ அதன் அமைப்புக் கோப்பை முனையத்தில் ஏற்றினால் போதும். ஒரு பதிப்பில் தொடங்கிய ஓட்டத்தை அதே பதிப்பிலேயே முடிக்கிறேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடைநிலையைத் தானே சேமித்துக்கொள்வதால், மின்சாரம் நின்றாலும் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம். தனிக் கணினியில் வாரக்கணக்கான ஓட்டம் சாத்தியமாவதே இதனால்தான். பதிப்பு எண், கம்பைலர், கட்டளைத் தொகுதி, கூடா விவரம் அனைத்தையும் ஒரே கட்டளை அச்சிட்டுத் தருகிறது. அந்த வெளியீட்டை ஒவ்வோர் ஆய்வுக் கோப்புறையிலும் ஓர் உரைக்கோப்பாகச் சேர்த்து வைக்கிறேன். முடிவுகளை மற்றொருவர் தம் கணினியில் சரிபார்க்க விரும்பும்போது, முதலில் அனுப்புவதும் அதைத்தான்.