ஐசிஎல் வைக்கப் போகிறீர்களா? பவரை விட்டுவிட்டு அளவைக் கேளுங்கள்

மைனஸ் 10, மைனஸ் 14 என்று பவர் உள்ளவர்களுக்கு லேசிக் என்ற லேசர் சிகிச்சை ஒத்துவராது, கண்ணுக்குள்ளேயே ஐசிஎல் என்ற லென்ஸை வைத்துவிடலாம் என்கிறார்கள். அதில் பொய் இல்லை. கோளாறு அதற்குப் பிறகுதான். பேச்செல்லாம் பவரைப் பற்றியே ஓடும். லென்ஸின் நீளத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இந்த லென்ஸ் கண்ணின் நிறப்பகுதியான ஐரிஸுக்குப் பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் உட்காருகிறது. அதிகம் புழங்கும் மாடல் 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. என நான்கே அளவுகளில் வருகிறது. வைத்தபின் இரண்டு லென்ஸுக்கும் நடுவே நிற்கும் இடைவெளிக்கு வால்ட் என்று பெயர். சுமார் 250 முதல் 750 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) இருந்தால் நிம்மதி. லென்ஸ் சின்னதாகிவிட்டால் இடைவெளி குறுகி, இயற்கை லென்ஸில் புரை விழலாம். பெரிதாகிவிட்டால் ஐரிஸை முன்னே தள்ளி, கண்ணின் உள்நீர் வடியும் கோணத்தை நெருக்கி, கண் அழுத்தத்தை ஏற்றும். புது மாடல்களின் நடுவில் உள்ள 0.36 மி.மீ. துளை புரை ஆபத்தைக் குறைத்திருக்கிறது. தப்பான அளவைத் துளை சரிசெய்யாது.

அவசர இடங்களில் கருவிழியின் குறுக்களவை ஒரே கருவியில் ஒரே முறை எடுத்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். லென்ஸ் ஊன்றும் இடமோ ஐரிஸுக்குப் பின்னால் இருக்கிறது. வெளி அளவு வெறும் ஊகம்தான். ஐரிஸுக்குப் பின்னாலும் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஆன யுபிஎம் ஸ்கேன் எடுத்தார்களா, அல்லது ஒளியால் கண்ணின் முன்பகுதியை அளக்கும் முன்கண் ஓசிடி அளவோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். முதல் நாள் வரை கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தவருக்கு மறுநாளே பவர் எடுத்தால் அதையும் நம்பாதீர்கள். மென் லென்ஸைக் குறைந்தது ஓரிரு வாரம், கடின லென்ஸை அதைவிட அதிக நாள் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு சூது, முன்னறையின் ஆழம், அதாவது கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கார்னியாவுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே உள்ள தூரம். பொதுவாக 2.8 அல்லது 3.0 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதைக் கார்னியாவின் உள்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். சில கருவிகள் கார்னியாவின் தடிமனையும் சேர்த்துக் காட்டும். அது அரை மி.மீ.க்கு மேல். ரிப்போர்ட்டில் 3.2 என்று இருப்பது உண்மையில் 2.7 ஆக இருக்கலாம். அந்தக் கண்ணுக்கு லென்ஸே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அறுவை முடிந்து பலகையில் கடைசி வரியைப் படித்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுவது அடுத்த மோசம். அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் ஜெல் உள்ளே தங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே அழுத்தம் எகிறும். அன்றே அழுத்தம் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். இரவில் கடும் கண்வலி, தலைவலி, வாந்தி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. உடனே போக வேண்டும். வால்ட் எத்தனை மைக்ரான் என்பதை எழுதியே வாங்குங்கள். அது தப்பாக இருந்தால் லென்ஸை மாற்றும் செலவு யாருடையது, சிலிண்டர் பவரையும் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் உள்ளே சுழன்றுவிட்டால் திருப்பி வைப்பது யார் பொறுப்பு என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை.

"கிட்டப்பார்வையே போய்விட்டது" என்பது வியாபாரப் பேச்சு. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. விழித்திரை விலகும் ஆபத்தும் கூடவே இருக்கிறது. கண் பாப்பாவை மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்க்காமல் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கார்னியாவின் உள்பக்கச் செல்களின் எண்ணிக்கையை அறுவைக்கு முன்பும், பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

மாடல், பவர், அளவு, சீரியல் எண் உள்ள அட்டை உங்களுடையது. அறுவைக்கு முந்தைய அளவுகளோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் புரை அறுவை செய்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.