தேக்காவில் வாங்கிய கால்சியம் சிட்ரேட் மாத்திரை: ஒரு மதிப்பீடு

என் தாயாருக்காகச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து மருந்துக்கடை ஒன்றில் வாங்கிவரும், வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் சிட்ரேட் மாத்திரையைப் பற்றிய மதிப்பீடு இது. அதே அடுக்கில் கால்சியம் கார்பனேட் மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆயினும் நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு உப்பின் வகையே, அதாவது கால்சியம் எதனோடு சேர்ந்துள்ளது என்பதே, காரணம்.

கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடு கால்சியம். சிட்ரேட்டில் 21 விழுக்காடுதான். எண்ணை மட்டும் பார்த்தால் கார்பனேட்டே மேல். ஆனால் அது கரைவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும். உணவோடு உட்கொள்ளச் சொல்வதும் அதனால்தான். நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல் போன்ற மருந்தை நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் என் தாயாரைப் போன்ற முதியவர்களுக்கு அமிலச் சுரப்பு குறைந்துவிடுவதால், கார்பனேட் சரியாகக் கரையாமல், அதிலுள்ள கால்சியம் உடலில் சேராமலேயே வெளியேறிவிடக்கூடும். சிட்ரேட்டுக்கு அமிலத்தின் துணை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. முன்பு கார்பனேட் உட்கொண்டபோது அவரை வாட்டிய வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் இப்போது இல்லை.

புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள 1,500 மில்லிகிராம் என்பது உப்பின் மொத்த எடை. அதில் கால்சியம் ஏறத்தாழ 315 மில்லிகிராம் என்பதைப் பின்புறத்துப் பொடி எழுத்தில்தான் காண முடிகிறது. 51 வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைக்கப்படும் நிலையில், ஒரு மாத்திரையே போதும் என்று முதியவர் ஒருவர் நம்பிவிட இந்த முகப்பு இடம்தருகிறது. இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. சிங்கப்பூரில் இத்தகைய ஊட்டச்சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை என்பதால், பின்புறத்தைப் படிக்கும் பொறுப்பு நம்மிடமே வந்துசேர்கிறது. எஞ்சிய தேவையைத் தயிர், நெத்திலி, கேழ்வரகு ஆகியவற்றால் ஈடுசெய்கிறோம்.

நாளுக்கு இரண்டு மாத்திரை என்கிறது புட்டி. எப்படி என்று சொல்லவில்லை. ஒரே வேளையில் கால்சியம் 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் உடல் ஈர்த்துக்கொள்ளும் விகிதம் குறைவதால், காலையும் இரவுமாகப் பிரித்துக் கொடுக்கிறேன். சிட்ரேட்டை வெறும் வயிற்றிலும் உட்கொள்ளலாம் என்றாலும், டி3 கொழுப்பில் கரைவது. ஆகவே சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதே பொருத்தம். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் 4 மணிநேர இடைவெளி விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதனுடன் சேர்க்கக் கூடாது.

மாத்திரை மிகப் பெரியது. விழுங்கச் சிரமப்படுபவர்கள் வாங்குமுன் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அமிலக் குறைப்பு மருந்து எடுப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். செரிமானத்தில் குறையின்றி உணவோடு மாத்திரை உட்கொள்ளக்கூடியவர்கள் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. அவர்களுக்குக் கார்பனேட்டே போதும்.