உட்கார வைத்து அளவெடுத்த மூன்று பாவாடைகள்

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் இடுப்பளவு 33 அங்குலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அளந்தால் அதே இடுப்பு 35 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இன்னும் அரை அங்குலம் கூடும். இஞ்ச் டேப்பை எடுத்து நின்றபடி ஒருமுறையும் உட்கார்ந்தபடி ஒருமுறையும் அளந்து பார்க்கும் எவருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனாலும் கடைகளில் தொங்கும் நீளப் பாவாடைகள் எல்லாம், அணிபவள் நாள் முழுவதும் தூணைப்போல நின்றுகொண்டே இருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் வெட்டப்படுகின்றன. சென்ற ஆண்டு ஒரு பெரிய ஜவுளிக்கடையில் எடுத்த ஆயத்தப் பாவாடை ஒன்று, மூன்றாவது சலவையிலேயே எலாஸ்டிக் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு கயிறாகத் திரண்டு, மாலையில் கழற்றும்போது இடுப்பைச் சுற்றிச் சிவந்த தடம் விட்டிருந்தது. அதற்குப் பிறகுதான், இடுப்பளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படியான பாவாடைகளைத் தைத்து வாங்குவது என்று முடிவு செய்தேன்.

நான் போன தையற்கடை மதுரையில், குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்துக்குள் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்டபத்தைச் சீரமைப்பதற்காக அங்கிருந்த கடைகள் சத்திரத்துக்கு மாற்றப்பட்டபோது இந்தத் தையற்காரரும் இடம் மாறியவர். பழைய இடத்தில் துணி வாங்கிய கையோடு பக்கத்திலேயே தைக்கக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வரலாம். இப்போது தேடிப் போகவேண்டியிருக்கிறது. பெயர்ப்பலகை சிறியது, பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, ஏனெனில் அவரிடம் இருப்பவை இரண்டே இயந்திரங்கள், உதவிக்கு ஒரு பெண், அவ்வளவுதான்.

அவர் அளவெடுத்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வழக்கம்போல நிற்கவைத்து இடுப்பையும் இடுப்புக்குக் கீழே பருமனான சுற்றையும் நீளத்தையும் குறித்துக்கொண்டவர், பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, "நின்னுக்கிட்டேவாம்மா வேலை பாக்கப் போறீங்க? உக்காருங்க" என்றார். உட்கார்ந்த நிலையில் இடுப்பை இன்னொரு முறை அளந்து, இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினார். நான் இருபது வருடமாகத் தைக்கக் கொடுத்து வருகிறேன். இதுவரை எந்தத் தையற்காரரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. இடுப்புப் பட்டியின் முழு நீளத்தை உட்கார்ந்த அளவுக்கு வெட்டி, அதற்குமேல் அரை அங்குலம் தளர்ச்சியும் கொடுத்து, நிற்கும் அளவுக்குக் குறைப்பதை எலாஸ்டிக்கோ கொக்கியோ பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. கடைத் துணிகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது: நிற்கும் அளவுக்கு வெட்டிவிட்டு, மிச்சத்தை எலாஸ்டிக்கின் இழுவையில் விட்டுவிடுகிறார்கள். இழுபடும் எலாஸ்டிக் வயிற்றை அழுத்தாமல் வேறென்ன செய்யும்?

முதலில் தைத்தது சுங்குடிப் பாவாடை. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் பருத்தி மெல்லியது, வியர்வையை உறிஞ்சக்கூடியது, சுருக்கு வைத்தால் அழகாக விழுவது. இதற்கு அவர் தேர்ந்தெடுத்தது காஜா போட்ட எலாஸ்டிக். முக்கால் அங்குல இடைவெளியில் வரிசையாகத் துளைகள் உள்ள பட்டையான எலாஸ்டிக் அது. குழந்தைகளின் பள்ளிச் சீருடைக் கால்சட்டைகளில் சிலர் பார்த்திருக்கலாம். பாவாடையின் முன்பக்கப் பட்டியில் கேன்வாஸ் வைத்துத் தட்டையாகத் தைத்துவிட்டு, பின்பக்கப் பட்டிக்குள் மட்டும் இந்த எலாஸ்டிக்கை ஓடவிட்டு, அதன் இரண்டு முனைகளும் பக்கத்தையல் அருகே உட்புறமாக வெளியே வரும்படி காஜா எடுத்து, அங்கே ஒவ்வொரு பட்டன் தைத்திருக்கிறார். ஒரு பக்கம் ஒரு துளை இழுத்து மாட்டினால் முக்கால் அங்குலம் குறைகிறது. இரண்டு பக்கமும் இழுத்தால் ஒன்றரை அங்குலம். சட்டையை வெளியே விட்டாலும் உள்ளே செருகினாலும் இந்த ஏற்பாடு யார் கண்ணுக்கும் தெரியாது.

எட்டு மாதங்களாக வாரத்துக்கு இரண்டு முறையாவது இதை உடுத்திவருகிறேன். எலாஸ்டிக் ஒருமுறைகூட முறுக்கிக்கொள்ளவில்லை. அதற்கு இரண்டு காரணங்களை அவரே காட்டினார். எலாஸ்டிக் ஒரு அங்குல அகலம் என்றால் அது ஓடும் குழாய் அதைவிட அரைக்கால் அங்குலம் மட்டுமே அகலமாக இருக்கவேண்டும், அதற்குமேல் இடம் விட்டால் உள்ளே புரண்டுவிடும் என்பது ஒன்று. பின்பக்க நடுவில் எலாஸ்டிக்கையும் பட்டியையும் சேர்த்து ஒரேயொரு கைத்தையல் போட்டு நிறுத்தியிருப்பது மற்றொன்று. எலாஸ்டிக்கின் ரகமும் முக்கியம். சடைபோலப் பின்னிய எலாஸ்டிக்கை இழுத்தால் அகலம் சுருங்கும், ஊசி பட்டால் பலமும் குறையும்; நெய்த எலாஸ்டிக் இழுக்கும்போதும் அகலம் மாறாமல் நிற்கும். கடைக்காரரிடம் வாங்கும்போது கையில் பிடித்து இழுத்துப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த இன்னொன்று, எலாஸ்டிக் தளர்ந்துபோனாலும் பாவாடை வீணாவதில்லை என்பது. இரண்டு பட்டனைக் கழற்றி, நடுவில் உள்ள ஒரு தையலை வெட்டினால் பழையது உருவிக்கொண்டு வந்துவிடும்; ஊக்கில் மாட்டிப் புதியதைக் கோர்த்துவிடலாம். நாடா கோர்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

எல்லையும் இருக்கிறது. நான்கு அங்குலத்துக்குமேல் குறைத்தால் பின்பக்கத் துணி முழுவதும் ஒரே இடத்தில் குவிந்து, அவருடைய சொல்லில் "மூட்டை கட்டின மாதிரி" நிற்கும். பிரசவத்துக்குப் பிறகு ஆறேழு அங்குலம் மாறும் இடுப்புக்கு இது மட்டும் போதாது. தவிர, என் பட்டியின் முழு அளவு 36 அங்குலம், அதற்குக் கீழே உள்ள பருமனான சுற்றோ 41. ஆகவே ஜிப் இல்லாமல் தலைவழியாகவோ கால்வழியாகவோ மாட்டிக்கொள்ள முடியாது. இடது பக்கத்தில் ஏழு அங்குல ஜிப் வைக்க வேண்டியிருந்தது. எலாஸ்டிக் பாவாடைக்கு ஜிப் எதற்கு என்று நானே முதலில் கேட்டேன். ஜிப் வேண்டாமென்றால் பட்டியையே 41 அங்குலத்துக்கு விரியும்படி வெட்டி எட்டு அங்குலம் சுருக்க வேண்டும், அப்போது வயிற்றின்மேல் சுருக்கு வந்து விழும் என்றார். அதைக் கேட்டபின் ஜிப்புக்குச் சம்மதித்தேன்.

இரண்டாவது, அலுவலகத்துக்கென்று தடித்த பருத்தித் துணியில் தைத்த பாவாடை. மேலே ஒட்டி, கீழே விரிந்து இறங்கும் வெட்டு. தடித்த துணியை எலாஸ்டிக் சுருக்காது, சுருக்கினாலும் பார்க்க நன்றாக இராது. எனவே இரண்டு பக்கத்தையல்களிலும் பட்டியை ஒன்றரை அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விட்டு, உட்பக்கம் ஒரு தட்டைக் கொக்கியும் அது மாட்டுவதற்கு முக்கால் அங்குல இடைவெளியில் மூன்று கம்பிகளும் வைத்திருக்கிறார். கடைசிக் கம்பிக்கும் முதல் கம்பிக்கும் இடையே ஒரு பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். ஆக மொத்தம் மூன்று அங்குலம் கூட்டிக் குறைக்கலாம். கூடுதல் துணி கீழே ஒரு மடிப்பாக விழுந்து, வேண்டுமென்றே வைத்த மடிப்பைப்போலத் தெரிகிறது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எலாஸ்டிக் எவ்வளவு நல்லதானாலும் இடைவிடாமல் ஒரு மெல்லிய இழுவையைத் தந்துகொண்டே இருக்கும். கொக்கியில் அந்த இழுவையே இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, இருக்கையில் அமர்ந்தபடியே சட்டைக்குள் கைவிட்டு இரண்டு கொக்கிகளையும் ஒரு கம்பி தள்ளி மாட்டிக்கொள்வதில் கிடைக்கும் நிம்மதியை, மாலை ஆறு மணிவரை உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அறிவார்கள்.

ஆனால் இதில்தான் ஒரு நுட்பமான சிக்கலும் எழுந்தது. இடுப்பைத் தளர்த்தியதும் பாவாடை சற்றே கீழிறங்கி உட்காருகிறது; அப்போது விளிம்பும் கிட்டத்தட்ட முக்கால் அங்குலம் இறங்கிவிடுகிறது. கணுக்கால்வரை நீளமான பாவாடையில் அந்த முக்கால் அங்குலம் படியேறும்போது காலில் தட்டுகிறது. முதலில் அவர் இறுக்கமான நிலையில் வைத்து நீளம் குறித்திருந்ததால் வந்த வினை இது. திரும்பக் கொண்டுபோனபோது மறுபேச்சில்லாமல் நடுக்கம்பியில் மாட்டச் சொல்லி, விளிம்பை மறுபடி மடித்துத் தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. நீங்கள் தைக்கக் கொடுக்கும் இடத்தில் நீளம் பார்க்கும்போது, இடுப்பை நடு அளவில் வைத்துக்கொண்டு நிற்பதை மறக்க வேண்டாம்.

இந்தக் கூட்டிக் குறைக்கும் வித்தையை ஏதோ புதிதாக வந்த நாகரிகம் என்று சிலர் எண்ணுகிறார்கள். நம் வீடுகளில் சிறுமிகளின் பட்டுப்பாவாடைக்குக் கீழே இரண்டு மூன்று டக் வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்ட அம்மாக்களும் பாட்டிகளும் இதைத்தான் செய்தார்கள். ஆண்களின் கால்சட்டையை எடுத்து உள்ளே திருப்பிப் பாருங்கள்: நல்ல தையற்காரர் தைத்ததாக இருந்தால் பின்பக்கத் தையலில் பிரித்துவிடுவதற்கென்றே துணி விடப்பட்டிருக்கும். பெண்களின் ஆயத்தப் பாவாடையிலோ அரை அங்குலத்துக்கும் குறைவாக விட்டு ஓவர்லாக் அடித்து முடித்துவிடுகிறார்கள். தொப்பை போடும் உரிமை ஆணுக்கு மட்டும் உண்டு போலிருக்கிறது.

மூன்றாவது புடவைக்கு உள்ளே கட்டும் உள்பாவாடை. இதைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். அரை அங்குல நாடாவை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கி முடிச்சுப் போடுவதால் இடுப்பில் கறுத்துத் தடித்த வளையம் படிந்துபோன பெண்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். 2024 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் வார்தாவையும் பீகாரின் மதுபனியையும் சேர்ந்த மருத்துவர்கள், இடுப்பில் இறுக்கிக் கட்டிவந்த இடத்தில் ஆறாத புண் ஏற்பட்டு அது தோல் புற்றாக மாறிய இரண்டு மூதாட்டிகளைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். 1945-லேயே இந்திய மருத்துவர்கள் வேட்டி கட்டுவோரிடம் இத்தகைய புற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். மிக அரிதாக நேர்வது இது, பயந்துகொள்ளத் தேவையில்லை. ஆனால் நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள் என்ற அறிவுரையைப் பின்பற்றினால் புடவை நிற்காதே என்பதுதான் பெண்களின் உண்மையான சங்கடம்.

தையற்காரர் இதற்குக் கண்ட வழி, அழுத்தத்தை அகலமாகப் பரப்புவது. பட்டியை இரண்டு அங்குல அகலத்தில் இரட்டைத் துணியாக வெட்டி, பின்பக்கம் அகல எலாஸ்டிக்கும், முன்பக்கம் ஒரு அங்குல அகலமுள்ள துணி நாடாவும் வைத்து, முடிச்சு ஒவ்வொரு நாளும் வெவ்வேறு இடத்தில் விழும்படி வலப்பக்கமும் இடப்பக்கமும் நாடா வெளிவரத் துளை விட்டிருக்கிறார். நாடாவை நடுவில் தைத்துப் பிடித்திருப்பதால் சலவையில் அது உள்ளே ஓடிப்போய் ஊக்கோடு மல்லுக்கட்ட வைப்பதும் இல்லை. பருத்திப் புடவைகளுக்கு இது அருமையாக நிற்கிறது. இரவு இடுப்பில் தடமே இல்லை. கனமான காஞ்சிப் பட்டுக்கு மட்டும் சரிப்படவில்லை. முன்கொசுவத்தின் பாரம் இழுக்க இழுக்கப் பின்பக்க எலாஸ்டிக் இளகிக்கொடுத்து, ஒரு திருமண வீட்டில் பந்திக்கும் தாம்பூலத்துக்கும் இடையே மூன்று முறை புடவையைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பட்டுக்கு எலாஸ்டிக் இல்லாத அகலப் பட்டியும் பக்கக் கொக்கியுமாக ஒன்று தைத்துத் தரும்படி கேட்டிருக்கிறேன்.

கூலி சுங்குடிப் பாவாடைக்கு 450 ரூபாய், அலுவலகப் பாவாடைக்கு லைனிங் சேர்த்து 600, உள்பாவாடைக்கு 250. துணியும் எலாஸ்டிக்கும் நம்முடையவை. மலிவு என்று சொல்லமாட்டேன், ஆனால் காஜாக்கள் கையால் எடுத்தவைபோல நெருக்கமாக இருக்கின்றன, எட்டு மாதத்தில் ஒரு நூல் பிரியவில்லை. பையைத்தான் கைக்குட்டைக்கு மேல் எதுவும் கொள்ளாதபடி சிறிதாக வைத்துவிட்டார். கைப்பேசி வைக்க வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சொன்ன தேதிக்குத் துணி கிடைப்பதும் அரிது. எனக்கு ஒன்று ஒன்பது நாளிலும் மற்றொன்று மூன்று வாரத்திலும் வந்தது. தீபாவளிக்குத் தைக்கவேண்டும் என்றால் ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்த சூட்டோடு கொடுத்துவிடுவது நல்லது. போகும்போது உங்களுக்கு நீளம் சரியாக இருக்கும் பழைய பாவாடை ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.