பத்து அணிகள், ஒன்பது உள்ளூர் ஆட்டங்கள்: இங்கிலாந்து ரக்பி சீசன் டிக்கெட்டுடன் ஒரு முழுப் பருவம்

வேலை நிமித்தம் நார்த்தாம்ப்டன் நகருக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டுக் கோடையில், அவ்வூர் ரக்பி அணியான நார்த்தாம்ப்டன் செயின்ட்ஸின் சீசன் டிக்கெட்டை முதன்முறையாக வாங்கினேன். இப்போது மூன்றாவது டிக்கெட் கையில் இருக்கிறது என்றாலும், கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதை முழுமையாகப் புரியவைத்தது அந்த முதல் பருவம், அதாவது இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி போட்டியான பிரீமியர்ஷிப்பின் 2023-24 பருவம்தான். வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால், அந்த ஒரு பருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

லீக்கில் பத்து அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளுடன் தன் மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் ஆடும். ஆக மொத்தம் பதினெட்டு ஆட்டங்கள். அவற்றில் டிக்கெட்டுக்கு உரிய உள்ளூர் லீக் ஆட்டங்கள் ஒன்பது மட்டுமே. அந்த ஆண்டு பிரான்சில் உலகக் கோப்பை நடந்ததால் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீக் அக்டோபர் 13ஆம் தேதிதான் தொடங்கியது. இறுதிப் போட்டி ஜூன் 8 அன்று. எட்டு மாதங்களில் ஒன்பது ஆட்டங்கள் என்று கணக்கிட்டால் குறைவாகத்தான் தோன்றும்; அந்தக் குறை ஏன் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செயின்ட்ஸின் ஃப்ராங்க்ளின்ஸ் கார்டன்ஸ் ஏறத்தாழ 15,000 பேர் அமரக்கூடிய மைதானம். எனக்குக் கிடைத்தது பக்கவாட்டுக் கோட்டுக்கு அருகில், தரையிலிருந்து ஆறாவது வரிசை. முதல் இரண்டு ஆட்டங்களில் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவர் ஏன் விசில் ஊதுகிறார் என்பது பாதி நேரம் விளங்கவில்லை. காலணித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து இருக்கைப் பெரியவர், மூன்றாவது ஆட்டத்தின்போது தன் காதில் மாட்டியிருந்த சிறிய வானொலிக் கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நடுவரின் ஒலிவாங்கியில் பதிவாகும் பேச்சு அதில் அப்படியே கேட்கும். பந்தை விடு, உருண்டு விலகு, கோட்டுக்குப் பின்னால் போ என்று நடுவர் இடைவிடாமல் வீரர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்பதும், விசில் என்பது அந்த எச்சரிக்கைகள் பலிக்காத பிறகே வருகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தன. மறு ஆட்டத்திலேயே எனக்கென்று ஒன்று வாங்கினேன். அந்தப் பருவத்தில் நான் செய்த செலவுகளில் மிகச் சிறந்தது அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆறாவது வரிசையில் உட்காருவதன் பெரும் பயன், சிறு தவறுக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்க இரு அணியினரும் தள்ளிக்கொள்ளும் ஸ்க்ரம். தொலைக்காட்சியில் அது ஆட்டத்தை நிறுத்தும் தாமதமாகவே தெரிகிறது. அருகில் இருந்து பார்த்தால், மொத்தம் ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள எட்டு பேர் அதே எடையுள்ள வேறு எட்டு பேருடன் தோள்பிணைத்துக் குனிந்து, நடுவர் 'க்ரவுச், பைண்ட், செட்' (குனி, பிடி, மோது) என்று சொல்லி முடித்த கணத்தில் மோதும்போது, இறைச்சிக் கடை மரக்கட்டையில் கத்தி விழுவது போன்ற ஒரு மந்தமான ஓசை எழுகிறது. அடுத்த நொடியில் பதினாறு பேரின் மூச்சும் ஒன்றாக வெளியேறுகிறது. ஜனவரிக் குளிரில் அந்தக் கூட்டத்தின் மேல் ஆவி எழுந்து விளக்கொளியில் மிதக்கும். முதல் வரிசை வீரர் ஒருவரின் முழங்கால் அரை அங்குலம் தாழ்வதை வைத்தே பெனால்ட்டி யாருக்கு என்று பெரியவர் முன்கூட்டிச் சொல்வார். பருவத்தின் இறுதியில் நானும் பத்துக்கு ஆறு முறை சரியாகச் சொல்லக் கற்றிருந்தேன்.

இனி, ஒன்பது ஆட்டங்கள் மட்டுமே என்ற குறைக்கு வருகிறேன். 2022-23 பருவம் பதின்மூன்று அணிகளுடன் தொடங்கியது. 2022 செப்டம்பரில் வூஸ்டர் வாரியர்ஸ் கடன்சுமையால் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. அக்டோபரில், ஆறு முறை இங்கிலாந்துச் சாம்பியனாகவும் இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியனாகவும் இருந்த வாஸ்ப்ஸ் அதே வழியில் போனது. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் லீக்கிலிருந்து இடைநிறுத்தப்பட்டது. இவற்றில் வூஸ்டரும் லண்டன் ஐரிஷும் 2022 மே மாதத்தில்தான் பிரீமியர்ஷிப் ரக்பி கோப்பையின் இறுதியில் ஒன்றையொன்று எதிர்த்து ஆடியிருந்தன. கோப்பைக்காக மோதிய இரண்டு அணிகளும் பதின்மூன்று மாதங்களுக்குள் லீக்கிலேயே இல்லாமல் போயின என்பதை இன்றும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. சம்பளம் கிடைக்குமா என்று தெரியாமல் பயிற்சிக்கு வந்த வீரர்கள் மட்டுமல்ல, மைதானப் புல் வெட்டுபவர், உணவகப் பணியாளர், பரம்பரையாக டிக்கெட் எடுத்து வந்த குடும்பங்கள் என்று அந்த இழப்பின் நீளம் பெரிது.

ஆனால் நான் அந்தப் பருவத்தில் கண்ட ஆட்டத்தின் தரத்துக்கும் அந்த இழப்பே ஒரு காரணம். மூன்று அணிகளின் வீரர்கள் எஞ்சிய பத்து அணிகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளை-ஹாஃப் ஃபின் ஸ்மித், வூஸ்டரில் வளர்ந்து, அங்கே ஒப்பந்தம் ரத்தானதும் இங்கே வந்தவர். டாம் பியர்சன் லண்டன் ஐரிஷிலிருந்து வந்தார். பாத் அணியின் ஆலி லாரன்ஸும் டெட் ஹில்லும் வூஸ்டர்காரர்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர், நீலமும் பொன்னிறமும் கலந்த வூஸ்டர் கம்பளித் தொப்பியுடன் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வருவார். ஃபின் ஸ்மித் கோல் கம்பத்தை நோக்கிப் பந்தை வைத்து நிமிரும்போதெல்லாம் அவர் மட்டும் எழுந்து நிற்பார். பந்து கம்பங்களுக்கு நடுவே போன பிறகுதான் உட்காருவார். யாரும் அவரை மறைக்கிறார் என்று குறை சொன்னதில்லை.

செயின்ட்ஸ் ஆடிய விதத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த அனுபவப் பகிர்வு பொய்யாகிவிடும். ரக்பி இயக்குநர் ஃபில் டௌசனின் தலைமையில், பயிற்சியாளர் சாம் வெஸ்டி வகுத்த தாக்குதல் முறை, தங்கள் பாதியிலிருந்தே பந்தைக் கையில் கொண்டு ஓடும் துணிச்சல் உடையது. அந்த ஆண்டு லீ ராட்ஃபோர்ட் தடுப்பாட்டப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். ஓட்டம் மட்டும் இருந்த அணிக்கு இறுக்கமும் வந்ததால்தான் அட்டவணையில் முதலிடம் வந்தது என்பது என் கருத்து. எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கும் ட்ரைக்கு ஐந்து புள்ளி, அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வெர்ஷனுக்கு இரண்டு, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்ட்டி உதைக்கு மூன்று. நான்கு ட்ரை எடுத்தால் அட்டவணையில் ஒரு கூடுதல் புள்ளி, ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் ஒன்று. இந்த ஏற்பாட்டால், வெற்றி தோல்வி முடிவான ஆட்டத்திலும் கடைசி நிமிடம்வரை யாரும் இருக்கையை விட்டு எழுவதில்லை.

2024 மே 11 அன்று குளோஸ்டர் அணியை 90-0 என்று வென்ற ஆட்டத்தை எல்லோரும் கேட்கிறார்கள். பதினான்கு ட்ரைகள். நேரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பருவத்தின் சிறந்த ஆட்டமல்ல. குளோஸ்டர் இரண்டு வாரத்தில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான சேலஞ்ச் கோப்பையின் இறுதியில் ஆட வேண்டியிருந்ததால் முன்னணி வீரர்களை ஓய்வில் விட்டு இளையவர்களை அனுப்பியிருந்தது. முதல் பாதியில் கைகொட்டிக் களித்த எனக்கு, இரண்டாம் பாதியில் ஒவ்வொரு ட்ரைக்குப் பிறகும் கம்பங்களுக்கு அடியில் வட்டமாக நின்ற அந்த இளைஞர்களின் முகங்களைப் பார்க்கவே மனம் கூசியது. பதினெட்டு ஆட்டங்களே உள்ள லீக்கில் ஓர் ஆட்டம் இப்படி வெறுமையாவது, டிக்கெட் வாங்கியவருக்கும் நட்டம், ஆடியவர்களுக்கும் நட்டம்.

இதைவிடப் பெரிய குறை இடைவெளி. இங்கிலாந்து உள்ளிட்ட ஆறு நாட்டு அணிகள் ஆண்டுதோறும் மோதும் 'ஆறு நாடுகள்' போட்டிக்காக, ஜனவரி இறுதியில் நின்ற லீக், மார்ச் மூன்றாம் வாரம் கடந்துதான் மீண்டும் தொடங்கியது. நாட்டு அணிக்கு மிச்செல், ஃப்ரீமன், ஃபர்பேங்க், டிங்வால், ஃபின் ஸ்மித் என்று எங்கள் வீரர்களே பலர் போனதில் பெருமைதான். ஆனால் சூடுபிடித்த அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து மீண்டும் மூட்டுவது போல இருந்தது. புள்ளி அட்டவணையையே நான் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. வெளியூர் ஆட்டங்களைப் பார்க்க நான் சந்தா கட்டிய இணைய ஒளிபரப்புச் சேவையும், ஒரு முக்கியமான மாலையில் கடைசி ஐந்து நிமிடத்தில் உறைந்து நின்றது. எழுதிய முறையீட்டுக்குத் தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது.

நியூகாசில் ஃபால்கன்ஸ் அந்தப் பருவத்தின் பதினெட்டு லீக் ஆட்டங்களிலும் தோற்றது. அப்படியிருந்தும் கீழிறக்கம் இல்லை. இரண்டாம் நிலைப் போட்டியில் முதலிடம் பெற்ற ஈலிங் ட்ரெயில்ஃபைண்டர்ஸ், மைதானக் கொள்ளளவு முதலிய தகுதிகளை நிறைவுசெய்யவில்லை என்று மேலே ஏற்றப்படவில்லை. அணிகள் மடியும் காலத்தில் கதவை அடைத்து உள்ளிருப்பவர்களைக் காப்பாற்ற நினைப்பது புரிகிறது. ஆனால் கீழே விழும் அச்சமில்லாத கடைசி இடமும், மேலே ஏறும் வழியில்லாத முதலிடமும் ஏப்ரல், மே மாத ஆட்டங்கள் பலவற்றின் உயிரை உறிஞ்சிவிடுகின்றன. வடகிழக்கிலிருந்து எங்கள் மைதானத்துக்கு இத்தனை தோல்விகளுக்குப் பிறகும் பாடிக்கொண்டே வந்த நியூகாசில் ரசிகர்களுக்கு இதைவிட நல்ல லீக் கிடைத்திருக்க வேண்டும்.

அட்டவணையின் முதல் நான்கு அணிகள் பட்டத்துக்காக மோதும் சுற்றில், மே 31, வெள்ளிக்கிழமை இரவு எங்கள் மைதானத்தில் நடந்த அரையிறுதிதான் அந்தப் பருவத்தின் உச்சம். எதிரே நடப்புச் சாம்பியனான சாரசன்ஸ். இங்கிலாந்து அணித்தலைவராக இருந்த ஓவன் ஃபேரல், பிரான்சுக்கு ஆடப் போகும் முன் அந்த அணிக்காக ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. 22-20 என்று இரண்டே புள்ளியில் நாங்கள் முன்னால் இருந்து, ஒரே ஒரு பெனால்ட்டி எல்லாவற்றையும் புரட்டிவிடும் நிலையில் கடைசி நிமிடங்கள் கழிந்தன. பதினைந்தாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தபோது என் காதில் நடுவரின் குரல் மட்டும் அமைதியாக வீரர்களிடம் பேசிக்கொண்டிருந்தது. பெரியவர் என் முன்கையைப் பிடித்திருந்தார். விசில் ஊதி வெகுநேரம் கழித்துத்தான் விட்டார்.

இறுதிப் போட்டிக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும்; சீசன் டிக்கெட்டில் அது அடங்காது. லண்டனின் ட்விக்கனம் மைதானத்தில் எங்களை எதிர்த்த பாத் அணியின் பெனோ ஒபானோ, முதல் பாதியின் நடுவிலேயே தலை உயரத்தில் தடுத்ததற்காகச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பதினான்கு பேருடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பாத் போராடிய விதத்தை எதிரணி ரசிகனாக இருந்தும் மறக்க முடியாது. கடைசிப் பத்து நிமிடத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்த இளைஞர் ஜார்ஜ் ஹெண்டி தடுப்பாளர்களைப் பிளந்து ஓடிக் கொடுத்த வாய்ப்பில் அலெக்ஸ் மிச்செல் ட்ரை வைக்க, 25-21 என்று கோப்பை எங்களுக்கு வந்தது. 2014க்குப் பிறகு செயின்ட்ஸ் வென்ற முதல் லீக் பட்டம். 2007 முதல் இந்த ஓர் அணிக்கு மட்டுமே ஆடிவந்த கோர்ட்னி லாஸ், அணித்தலைவர் லூயிஸ் லட்லம், தொழில்முறைக் காலத்தில் அணிக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடிய அலெக்ஸ் வாலர் ஆகிய மூவருக்கும் அதுவே செயின்ட்ஸ் சட்டையில் கடைசி நாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது: ஓரிரண்டு ஆட்டம் பார்க்க ஆசைப்படுபவர் தனி டிக்கெட் எடுத்தாலே போதும்; இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர் சீசன் டிக்கெட் எடுக்க வேண்டும், அதுவும் கோட்டுக்கு அருகில், ஒரே இருக்கையில். பட்டம் உறுதி என்று எண்ணி எடுக்க வேண்டாம். அடுத்த பருவத்திலேயே இந்த அணி அரையிறுதிக்கு வரவில்லை. குளிர்காலத்துக்கு இரண்டு சோடிக் கம்பளிக் காலுறைகள் கட்டாயம்.

வூஸ்டர் வாரியர்ஸ் 2025-26 பருவத்தில் இரண்டாம் நிலைப் போட்டிக்குத் திரும்பி, தன் பழைய சிக்ஸ்வேஸ் மைதானத்தில் மீண்டும் ஆடத் தொடங்கியது. இப்போது எனக்கு இரண்டு வரிசை முன்னால் வேறொருவர் உட்காருகிறார்.